கெடுவது ஓடும்போது, தெரிவது ஸ்விட்ச் போடும்போது

கேள்வி: ஐயா, வீட்டிலிருந்தபடியே சில சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். ஆறு வருடப் பழைய டெஸ்க்டாப். காலையில் போட்டால் படுக்கும்வரை ஓடும். பல நாள் ராத்திரியும் சேர்த்தே ஓடிவிடும். என் மாமனார், "மனுஷனுக்கே தூக்கம் வேணும், மிஷினுக்கு வேண்டாமா?" என்று சுவரில் இருக்கிற ஸ்விட்சையே அணைத்துவிடுகிறார். கம்ப்யூட்டர் படிக்கும் என் தம்பியோ, "ஆன் ஆஃப் பண்ணப் பண்ணத்தான்க்கா போர்டு போகும், ஓடிக்கிட்டே இருந்தா ஒண்ணும் ஆகாது" என்கிறான். இரண்டு வாரமாகக் காலையில் போட்டதும் 'கர்ர்' என்று ஒரு சத்தம் வருகிறது. ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. ராத்திரி அணைக்காத நாட்களில் அந்தச் சத்தமே இல்லை. "பாத்தியா, நான் சொன்னதுதானே" என்கிறான் தம்பி. யார் சொல்வது சரி? மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஓடினால் எக்செல் இழுக்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

– ஒரு வாசகி

பதில்: சகோதரி, முதலில் அந்த 'கர்ர்' சத்தத்தைப் பார்த்துவிடுவோம். உங்கள் வீட்டு வழக்குக்கு அதுதான் முக்கிய சாட்சி. தம்பி அந்தச் சாட்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டார். ஆனால் அது உண்மையில் எதிர்க்கட்சி சாட்சி.

போட்டதும் கத்தி, சூடானதும் அடங்கும் சத்தம் பெரும்பாலும் ஃபேன் சத்தம்தான். விலை குறைந்த ஃபேன்களில் பால் பேரிங் (தண்டைத் தாங்கிச் சுழலும் சிறு குண்டுகள்) இருக்காது. ஒரு சிறு குழாய்க்குள் இரும்புத் தண்டு சுழலும், நடுவில் துளி எண்ணெய் இருக்கும், அவ்வளவுதான். வருடக்கணக்கில் ஓடும்போது அந்த எண்ணெய் கொஞ்சம் ஆவியாகும், மிச்சம் தூசியோடு சேர்ந்து பிசினாகும். ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்தால் அந்தப் பிசின் இறுகிவிடும். காலையில் தண்டு அதைக் கிழித்துக்கொண்டு சுற்றுகிறது, 'கர்ர்' என்கிறது. ஐந்து நிமிடச் சூட்டில் பிசின் இளகிவிடும், சத்தம் போய்விடும். ராத்திரி ஓடிக்கொண்டே இருந்தால் இறுகவே நேரமில்லை, அதனால் காலையில் சத்தமும் இல்லை.

எண்ணெயைத் தின்றது ஓட்டம். காட்டிக்கொடுத்தது காலை ஸ்விட்ச். பழி மட்டும் ஸ்விட்சுக்கு.

இருபது வருடத்துக்கு மேலாக ரிப்பேர் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், இந்தத் தவறான பழியை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ஒரு கணக்கு அலுவலகத்தில் நாலு வருடமாக அணைக்காமல் ஓடிய ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. சுவருக்கு வெள்ளையடிக்கப் போகிறோம், என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். அணைத்து, துணி போட்டு மூடி, தள்ளி வையுங்கள் என்றேன். மூன்று நாள் கழித்துப் போட்டால் உயிர் வரவில்லை. "நீங்க ஆஃப் பண்ணச் சொன்னீங்க, அதான் போச்சு" என்று அந்த முதலாளி என் மேல் பாய்ந்தார். எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டியைக் கழற்றி, மின்சாரம் வடிந்த பிறகு மூடியைத் திறந்து காட்டினேன். உள்ளே மின்சாரத்தைத் தேக்கித் தரும் சிறு குப்பிகளான கெப்பாசிட்டர்களில் நாலின் தலை தட்டையாக இருக்க வேண்டிய இடத்தில் உப்பி நின்றது. ஒன்றின் உச்சியில் பழுப்பு நிறத்தில் கசிந்து காய்ந்திருந்தது. அது மூன்று நாளில் வந்த கோலம் இல்லை. நாலு வருடமாக உள்ளே காய்ந்துகொண்டே வந்திருக்கிறது. சூடாக இருந்தவரை சமாளித்தது, ஆறியதும் கைவிட்டது.

இதற்குக் காரணம் எளிது. எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்குள் இருப்பது ஒரு திரவம். அது குறையக் குறைய கெப்பாசிட்டரின் உள்தடை ஏறும். குளிர்ந்த நிலையில் அந்தத் தடை இன்னும் அதிகம், சூடானால் குறையும். அதனால்தான் ஓடிக்கொண்டிருக்கும் மிஷின் நன்றாகவே ஓடும். அணைத்துப் போட்டால் இரண்டு மூன்று தடவை முக்கி முனகித்தான் கிளம்பும். ஹேர் டிரையரால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கொஞ்சம் வெப்பக் காற்று காட்டினால் உடனே கிளம்புகிற கேஸ்கள் எங்கள் மேசைக்கு வந்திருக்கின்றன. பார்க்கிறவர்களுக்கு அது மந்திரம், எங்களுக்கு அது நோயின் பெயர்.

பழைய குண்டு பல்பு நினைவிருக்கிறதா? பெரும்பாலும் ஸ்விட்ச் போட்ட நொடியில்தான் 'டப்' என்று போகும். எரிந்த மணிக்கணக்கில் டங்ஸ்டன் இழை ஓரிடத்தில் மெலிந்திருக்கும். இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் முதல் நொடியில் மின்சாரம் பலமடங்கு பாயும், மெலிந்த இடம் அறுந்துவிடும். அணைக்காமலே விட்டிருந்தால் அது இன்னும் பல வருடம் வாழ்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆனால் தம்பி சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவும் கூடாது. அவர் சொல்வதற்கு ஒரு வம்சாவளி இருக்கிறது. 1940களில் அமெரிக்காவில் கட்டிய எனியாக் கணினியில் 17,000-க்கும் மேற்பட்ட வால்வுகள் (பல்பு போன்ற கண்ணாடிக் குழாய்கள், இன்றைய டிரான்சிஸ்டரின் வேலையைச் செய்தவை) இருந்தன. சூடாகும்போதும் ஆறும்போதும்தான் வால்வுகள் அதிகம் போயின. அதனால் அதை அணைக்காமலே வைத்திருப்பது என்று முடிவு செய்தார்கள். 1947 ஜூலை 29-ல் புது இடத்தில் போட்டதை, 1955 அக்டோபர் 2 ராத்திரி நிறுத்தும்வரை தொடர் ஓட்டத்தில் வைத்திருந்தார்கள். வால்வு காலத்துக்கு அது சரியான முடிவு. வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது, டிரான்சிஸ்டர் சில்லுக்குள் போனது. 'அணைக்காதே' மட்டும் அப்படியே நம் காலம்வரை வந்துவிட்டது.

இன்றைய போர்டிலும் சூடு ஏறி இறங்குவதால் தேய்மானம் உண்டு. சில்லில் இருக்கும் சிலிக்கான் சூட்டில் விரிவது மிகக் குறைவு. அதைத் தாங்கும் போர்டு அதைவிட ஐந்தாறு மடங்கு விரியும். நடுவில் மாட்டிக்கொண்டது இரண்டையும் ஒட்டும் ஈயப்பற்று. ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் அது இழுபட்டுச் சுருங்கும், பல்லாயிரம் முறைக்குப் பிறகு மயிரிழை விரிசல் விடும். தம்பி சொல்கிற 'போர்டு போகும்' இதுதான். ஆனால் அவர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நாளுக்கு ஒரு முறை அணைத்துப் போட்டால் பத்து வருடத்துக்கு 3,650 முறை. கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது பிராசசர் 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். பெரிய கணக்குக் கோப்பு ஒன்றைத் திறந்தால் சில நொடியில் 70-ஐத் தாண்டும், முடிந்ததும் இறங்கும். இப்படி ஒரே நாளில் எத்தனை முறை! ஸ்விட்சைத் தொடவே தொடாத கம்ப்யூட்டரும் நாள் முழுக்கச் சூடாகி ஆறிக்கொண்டுதான் இருக்கிறது. அதில் ராத்திரி ஒரு முறை கூடுவதால் பெரிய வித்தியாசம் வந்துவிடாது.

இனி மாமனார் பக்கம். மிஷினுக்குத் தூக்கம் வேண்டும் என்பது சரியான பேச்சு இல்லை. ஓய்வெடுத்து உடம்பு தேறுகிற பாகம் எதுவும் உள்ளே கிடையாது. ஆனால் ஓடாத நேரத்தில் தேயாத பாகங்கள் நிறைய உண்டு. அந்த அளவுக்கு அவர் கணக்கு சரி.

கெப்பாசிட்டரின் உடம்பிலேயே அதன் ஆயுள் கணக்கு இருக்கிறது. '105 டிகிரி' என்று அச்சிட்டிருக்கும். அந்தச் சூட்டில் இத்தனை மணி நேரம் என்று தயாரிப்பாளர் பட்டியலில் போட்டிருப்பார். சாதாரண ரகம் என்றால் 2,000 மணி. தொழிலில் எல்லோரும் கைக்கணக்காக வைத்திருப்பது, சூடு பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது. 95-ல் 4,000, 85-ல் 8,000, 75-ல் 16,000, 65-ல் 32,000 மணி. வருடத்துக்கு 8,760 மணி நேரம். 65 டிகிரியில் இடைவிடாமல் ஓடினால் மூன்றே முக்கால் வருடம்கூடத் தாங்காது. நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் பதினோரு வருடம் போகும். அதே கெப்பாசிட்டரை 55 டிகிரியில் வைத்திருந்தால் இடைவிடாமல் ஓடினாலும் ஏழு வருடத்துக்கு மேல் வரும். ராத்திரி சும்மா ஓடும் கம்ப்யூட்டர் பகலைவிடச் சூடு குறைவாகத்தான் இருக்கும், ஆகவே ராத்திரி மணிக்கும் பகல் மணிக்கும் ஒரே கூலி இல்லை. இருந்தாலும் இந்தக் கணக்கில் உங்கள் கவனத்துக்கு வர வேண்டியது ஒன்று. பத்து டிகிரி குறைப்பது, பாதி நேரம் அணைத்து வைப்பதற்குச் சமம். அந்தப் பத்து டிகிரியை ஒரு பெயிண்ட் பிரஷ்ஷும் கால் மணி நேரமும் கொடுத்துவிடும். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

ஹார்டு டிஸ்க் கொஞ்சம் தனிக் கதை. அணைத்து எழுப்புவது அதற்குக் கெடுதல் என்று பலரும் பயப்படுகிறார்கள். வட்டுக்கு மேலே நானோமீட்டர் கணக்கில் உயரம் விட்டு மிதந்து, தகவலைப் படித்து எழுதும் ஹெட், வேலை முடிந்ததும் ஓரத்தில் இருக்கும் சரிவில் ஏறி நின்றுகொள்ளும். இப்படி ஏறி இறங்க மூன்று லட்சம் முறை, அதற்கு மேலும் தாங்கும் என்று தயாரிப்பாளர்களே போடுகிறார்கள். நாளுக்கு ஒன்று என்பது அதற்குக் கொசுக்கடி. சூடு விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும்: கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், சூட்டுக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு தெரியவில்லை, மிக அதிகச் சூட்டில்தான் பாதிப்பு தெரிந்தது. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது, அதுதான் உங்களுக்கு முக்கியம். செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை, முன்னெச்சரிக்கை என்று நம்பப்படும் முக்கியமான நாலு அளவுகளில் எதிலுமே ஒரு எண்ணைக்கூடக் காட்டாமல் செத்தன. உங்கள் டிஸ்க்குக்கு வயது ஆறு. அதில் இருப்பது ஊரார் கணக்கு. அணைக்கலாமா வேண்டாமா என்ற விவாதத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் இன்றைக்கே நகலெடுங்கள்.

இந்த இடத்தில் மாமனாரிடம் ஒரு வேண்டுகோள். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது சுவர் ஸ்விட்சை அணைக்கவே கூடாது. அவர் அப்படித்தான் செய்கிறாரா, ஷட் டவுன் ஆன பிறகு அணைக்கிறாரா என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை. "ஸ்விட்சையே" என்று நீங்கள் அழுத்தியதைப் பார்த்தால் முதலாவதுதான் என்று பயப்படுகிறேன். மின்சாரம் திடீரென்று போனால் ஹெட் வட்டின் மேலேயே இருக்கும். அப்போது டிஸ்க் ஒரு தந்திரம் செய்கிறது: சுழன்றுகொண்டிருக்கும் வட்டின் வேகத்தையே ஜெனரேட்டராக்கி, அதில் கிடைக்கும் கடைசித் துளி மின்சாரத்தில் ஹெட்டை ஓரத்துக்கு இழுத்துக்கொள்கிறது. அழகான ஏற்பாடு, ஆனால் முரட்டு இழுப்பு. வழக்கமான ஏறி இறங்கலுக்கு மூன்று லட்சம் என்றால், இந்த அவசர இழுப்புக்கு அதில் சிறு பங்குதான் கணக்கு வைத்திருப்பார்கள். பாதி எழுதிய கோப்பு சிதைவது தனி நஷ்டம். ஷட் டவுன் கொடுத்து, ஃபேன் நின்று, விளக்கு அணைந்த பிறகு ஸ்விட்சை அணைத்தால் அவர் செய்வது நல்ல காரியம். ஏனென்றால் ஷட் டவுன் ஆன கம்ப்யூட்டரிலும் எஸ்எம்பிஎஸ்ஸின் ஒரு பகுதி விழித்திருந்து 5 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். மின்னழுத்தம் எகிறினால் அடி வாங்குவது அதுதான். இடி மின்னல் நாளில் ஸ்விட்ச் போதாது, பிளக்கையே பிடுங்கி வையுங்கள்.

சுவர் ஸ்விட்சை அணைப்பதில் ஒரு சின்னச் செலவு உண்டு. அந்த 5 வோல்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி. கம்ப்யூட்டரைப் போட்டதும் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் அது தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். சிஆர் 2032 என்று கேட்டு வாங்கிப் போடுங்கள். கணக்கு எழுதுகிறவர் வீட்டில் தேதி தப்பக் கூடாது அல்லவா!

மானிட்டருக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. பத்து நிமிடம் தொடாவிட்டால் தானாக அணையும்படி வைத்துவிடுங்கள். ஸ்கிரீன் சேவர் ஓடவிடுவது பழைய குண்டு மானிட்டரில் திரை கறை படியாமல் இருக்கச் செய்த வேலை. இன்றைய எல்சிடியில் அது பின்விளக்கைத் தேய்ப்பது மட்டும்தான். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் வட்டே இல்லாத எஸ்எஸ்டி வாங்கினால் அதற்கு ஓடும் மணிக்கணக்கு பெரிதாகப் பொருட்டில்லை, எழுதும் அளவுதான் பொருட்டு.

எக்செல் இழுப்பதற்கும் பாகங்கள் தேய்வதற்கும் சம்பந்தமில்லை. நாள்பட ஓடும் புரோகிராம்கள் எடுத்த மெமரியைத் திருப்பித் தர மறந்துவிடும், அவ்வளவுதான். (விண்டோஸ் 95-ம் 98-ம் 49.7 நாள் தொடர்ந்து ஓடினால் அப்படியே உறைந்துபோகும் ஒரு பிழையோடு வந்தன. மில்லி நொடிகளை எண்ணும் எண் அதற்கு மேல் கொள்ளாது. அந்தப் பிழை வெளியே தெரியவே வருடக்கணக்கானது, அவ்வளவு நாள் அவை விழாமல் ஓடினால்தானே!) ஆனால் இங்கே ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று வந்தது. அது இயங்கினால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் உள்பகுதி அழிவதில்லை, டிஸ்க்கில் பத்திரமாகப் படுத்துக்கொண்டு மறுநாள் அப்படியே எழுந்து வரும். முழுசாகத் துடைத்து ஆரம்பிக்க வேண்டுமென்றால் 'ரீஸ்டார்ட்' கொடுக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் 'அப் டைம்' என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். தினமும் அணைக்கிறவர்கள் வீட்டில்கூட அது பன்னிரண்டு நாள், இருபது நாள் என்று காட்டும். வாரத்துக்கு இரண்டு முறை ரீஸ்டார்ட் கொடுங்கள், இழுவை போய்விடும்.

அப்படியானால் என்னதான் செய்வது? உங்கள் இடத்தில் நான் இருந்தால், பகலில் எழுந்து போகும்போதெல்லாம் அணைக்க மாட்டேன். இருபது நிமிடத்தில் 'ஸ்லீப்' போகும்படி வைப்பேன். அந்த நிலையில் மெமரிக்கு மட்டும் மின்சாரம் போகும், ஃபேனும் டிஸ்க்கும் நின்றுவிடும், செலவு ஓரிரு வாட்தான். ஆனால் மின்சாரம் போனால் சேமிக்காதது போய்விடும், அதனால் எழுந்திருக்கும் முன் சேமித்துவிடுவேன். படுக்கும்போது ஷட் டவுன், பிறகு ஸ்விட்ச். சும்மா ஓடும் டெஸ்க்டாப் 60 வாட் இழுக்கிறது என்று வைத்தால், யாரும் தொடாத பதினாலு மணி நேரத்துக்கு 0.84 யூனிட், வருடத்துக்கு 300 யூனிட்டைத் தாண்டும். எந்தப் பாகமும் தேயாது என்றே வைத்துக்கொண்டாலும் இதைக் கொடுக்கத்தான் வேண்டும். ராத்திரி ஏதாவது பேக்கப் ஓட வேண்டும், பெரிய கோப்பு இறங்க வேண்டும் என்றால் தாராளமாக ஓடவிடுங்கள். வேலைக்காக ஓடினால் ஓடட்டும், பயத்துக்காக ஓட வேண்டாம்.

இப்போது அந்தப் பெயிண்ட் பிரஷ். ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். பிராசசர் மேல் இருக்கும் ஃபேனுக்குக் கீழே அலுமினியத் தகடுகள் வரிசையாக இருக்கும். ஆறு வருடம் திறக்காததென்றால் அவை கண்ணுக்குத் தெரியாது. கம்பளித் துண்டு விரித்ததுபோலச் சாம்பல் நிறத்தில் தூசி மூடியிருக்கும், ஓரத்தைப் பிடித்து இழுத்தால் பாய் மாதிரி உரிந்து வரும். அதைக் காய்ந்த பிரஷ்ஷால் தள்ளி எடுங்கள். ப்ளோயர் இருந்தால் ஊதலாம், ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை வெளியிலிருந்து சுத்தம் செய்வதோடு நிறுத்துங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கக்கூடும். அதைத் திறப்பது எங்கள் வேலை.

தகட்டை மூடாமல் மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போடுங்கள். 'கர்ர்' வரும்போது ஒவ்வொரு ஃபேனாகப் பாருங்கள்: பிராசசர் மேல் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதில் ஒன்று. பென்சிலின் ரப்பர் முனையை ஃபேனின் நடுக்குமிழில் ஒரு நொடி மெதுவாக வைத்து எடுங்கள். இறக்கையில் படக் கூடாது, துப்பட்டா, கூந்தல் எதுவும் தொங்கக் கூடாது. எந்த ஃபேனில் வைக்கும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. எண்ணெய் விட்டால் சில வாரம் அடங்கும், பிறகு மறுபடி கத்தும். புது ஃபேனே போட்டுவிடுங்கள். வாங்கும்போது பால் பேரிங் அல்லது ஃப்ளூயிட் பேரிங் என்று கேளுங்கள். பிராசசர் ஃபேன் என்றால் தள்ளிப்போடாதீர்கள், அது நின்றால் கம்ப்யூட்டர் தானாக அணைந்து அணைந்து உங்களை வதைக்கும்.

மூன்றையும் தொட்டும் சத்தம் நிற்கவில்லை என்றால் அது எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபேனாக இருக்கலாம். பெட்டியோடு கழற்றி ரிப்பேருக்குக் கொடுங்கள், கெப்பாசிட்டர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். 'கர்ர்' இல்லாமல், 'டிக்... டிக்...' என்று சீரான இடைவெளியில் ஹார்டு டிஸ்க் பக்கமிருந்து வந்தால் மட்டும் வேறு எதையும் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே ஷட் டவுன் செய்துவிட்டு, மறுபடி போடாமல், டேட்டா மீட்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.